எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்

"நீ வாங்குகிறாய் என்றால் எவரோ விற்கிறார். அவர் யார், ஏன் விற்கிறார் என்று யோசிக்காமல் ஓடர் போடாதே." எனக்குத் தொழில் பழக்கிய மூத்த தரகர் இதைச் சொல்லாத நாள் குறைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்த எனக்கு அது பெரிய பாடமாகப் படவில்லை. விற்பவரைத்தான் கண்ணாலேயே பார்க்க முடிந்ததே! வியாபாரக் கூடத்தில் தரகர்கள் நின்று விலையைக் கூவுவார்கள். கூவும் குரலை வைத்தே ஆள் எந்தக் கம்பனி, அவருக்குப் பின்னால் எந்த மாதிரியான வாடிக்கையாளர் என்று ஊகிக்கலாம். வெளிநாட்டு நிதியங்களுக்கு வாங்கிக்கொடுக்கும் தரகர் ஒருவர் கையைத் தூக்கினால் கூடத்தின் சத்தமே மாறும். 1990இல் அரசாங்கம் வெளிநாட்டவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. அவர்களுடைய பணம் வரத் தொடங்கிய காலம் அது.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல், தோட்டக் கம்பனிகளுக்கு முதல் சேர்ப்பதற்காக ஆரம்பித்தது. நான் சேர்ந்தபோது அந்தப் பழைய உலகத்தின் வால்நுனி இன்னும் மிச்சமிருந்தது. பங்குச் சான்றிதழ்கள் காகிதத்தில் வரும். கைமாற்றும் படிவத்தில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வரும். 1991இல் மத்திய வைப்புத் திட்டம் வந்து காகிதம் மெல்ல மெல்லக் கணினிப் பதிவாக மாறியது. 1997இல் கூவலும் நின்றது. வியாபாரம் திரைக்குப் போனது. முகமிருந்த இடத்தில் இலக்கங்கள் வந்தன: வாங்குவோர் விலை இடது பக்கம், விற்போர் விலை வலது பக்கம். அன்றைக்கு மூத்த தரகர் சொன்னது நினைவிருக்கிறது. "இனிமேல் எத்தனை பங்கு வருகிறது என்று தெரியும். யாரிடமிருந்து வருகிறது என்று தெரியாது."

என் ஊர் கரைத்தீவு. கிழக்கிலங்கையின் கரைத்தீவு என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். இது புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள ஊர். கலா ஓயா களப்பில் விழும் கங்கேவாடி அதிக தூரமில்லை. மீன், இறால், நண்டு, கருவாடு, அதோடு வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசு. இவைதான் ஊரின் வருமானம். பங்குச் சந்தைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வாப்பா கேட்டார். சம்பந்தம் இறாலால் வந்தது. புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் கொழித்த நேரம், பண்ணைக்காரர்கள் கையில் காசு புரண்டது. நான் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் அவர்களில் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். புத்தளம் நகரத்துக் 'கொமினிகேஷன்' கடையிலிருந்து போன் எடுப்பார்கள். லைன் கிடைக்கவே நேரமாகும். கிடைத்ததும் விலை கேட்டு, யோசித்து, பக்கத்தில் நிற்பவரிடம் கதைத்து, பிறகு "ஆயிரம் எடு தம்பி" என்பார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் இறால் குளங்களை அழித்தபோது அதே கடையிலிருந்து அதே ஆட்கள் எடுத்தார்கள். இந்த முறை விற்கச் சொல்லி. வியாபாரக் கூடத்தின் மறுபக்கத்தில் அந்தப் பங்குகளை வாங்கியவருக்கு, விற்பவர் குளம் செத்துப்போனதால் விற்கிறார் என்று தெரிந்திருக்காது.

ஆப்ஷன் என்ற சங்கதியை எனக்குப் புரியவைத்தது ஒரு தபால். எங்கள் பக்கத்து ஆசிரியை ஒருவர். கணவர் மௌத்தாகி, அவர் பெயரிலிருந்த பங்குகள் இவருக்கு வந்திருந்தன. கம்பனி உரிமைப் பங்கு வெளியிட்டது. இருக்கிற பங்குதாரர் சந்தை விலைக்குக் குறைவாகப் புதிய பங்கு வாங்கலாம். வாங்க விருப்பமில்லை என்றால் அந்த உரிமையையே சந்தையில் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு. கடிதம் கொழும்பு விலாசத்துக்குப் போய், அங்கிருந்து புத்தளம் வந்து, கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு தேதியும் கடந்திருந்தன. அவர் கடிதத்தை மடிப்புக் கலையாமல் என் முன் வைத்து, "இதில என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். அதில் எழுதியிருந்தது சில நாட்களுக்கு முன்புவரை காசு. அன்றைக்கு வெறும் காகிதம். பங்கு அப்படியல்ல. இறங்கினாலும் கையில் இருக்கும், கம்பனி உயிரோடிருந்தால் ஏறவும் கூடும். உரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தால் எல்லாம் முடிந்தது.

ஆப்ஷன் என்பதும் இதே குடும்பம்தான். குறித்த விலையில், குறித்த நாளுக்குள் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமைக்கு ஒரு விலை கொடுக்கிறோம். நம் கரையில் இதைப் புரியவைக்க நான் முதலாளியின் முற்பணத்தைத்தான் சொல்வேன். வலைக்கும் எஞ்சினுக்கும் முற்பணம் வாங்கிய மீனவர் பிடித்ததை அந்த முதலாளிக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலையில். மீன் விலை ஏறினால் ஏற்றம் முதலாளிக்கு. முற்பணம் கொடுத்தவருக்கு உரிமை, வாங்கியவருக்குக் கடமை. ஆப்ஷன் வாங்குபவரும் விற்பவரும் நிற்பது அந்த இரண்டு இடங்களில்தான். ஒரு வித்தியாசம், ஆப்ஷன் விற்பவர் பெரும்பாலும் ஏழை மீனவர் அல்ல. கணக்குத் தெரிந்த, ஆழமான பையுள்ள நிறுவனம்.

உலகத்தில் இது புதிதல்ல. 1973 ஏப்ரல் 26இல் சிக்காகோவில் ஆப்ஷனுக்கென்றே ஒரு சந்தை 16 கம்பனிப் பங்குகளோடு தொடங்கியது. முதல் நாள் 911 ஒப்பந்தங்கள் கைமாறின. அதே வருடம் பிளாக், ஷோல்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆப்ஷனுக்கு நியாய விலை கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வியாபாரத்துக்குக் குரல் வளம் மட்டும் போதவில்லை. கொழும்பில் பட்டியலிட்ட ஆப்ஷன் இன்றுவரை இல்லை. ஆனால் அதன் ருசியைக் காட்டிய சில வெளியீடுகள் வந்தன. நான் கையாண்டவற்றில் மறக்க முடியாதது 2013இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் கொடுத்த வாரண்ட். கொழும்பில் பின்னர் சினமன் லைஃப் என்று பெயர்பெற்ற பெரிய கட்டடத் திட்டத்துக்காக 175 ரூபாவுக்கு உரிமைப் பங்கு கொடுத்தார்கள். கூடவே இரண்டு வகை வாரண்ட்: 2015 நவம்பரில் 185 ரூபாவுக்கும், 2016 நவம்பரில் 195 ரூபாவுக்கும் பங்கு வாங்கும் உரிமை. பின்பு பங்குகள் பிரிக்கப்பட்டபோது இந்த விலைகளும் அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டன.

அந்த வாரண்டை என் வாடிக்கையாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதில் ஒரு முழுப் பாடம் இருந்தது. "பங்கு 200க்கு மேலே போகுது, வாரண்ட் அதன் கால்வாசி விலைக்குக் கிடைக்குது, மலிவு" என்றார்கள். நான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். உதாரணத்துக்குப் பங்கு 220 ரூபா. உரிமை விலை 185. இன்றைக்கே பயன்படுத்த முடிந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 35 ரூபா. சந்தையில் வாரண்ட் 60 ரூபா என்றால் மிச்சம் 25 ரூபா எதற்கு? காலத்துக்கு. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஏறக்கூடும் என்ற நம்பிக்கைக்கு. பங்கு 220இலேயே அசையாமல் நின்றால் கடைசி நாளில் அந்த 25 ரூபா இருக்காது. பங்கு விழவில்லை, கம்பனிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் காசு போயிருக்கும். இது பலருக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது. விலை இறங்கினால் நட்டம் என்பது எவருக்கும் புரியும். நாள் போனாலே நட்டம் என்பது உடம்பில் ஏறச் சில மாதங்கள் பிடிக்கும். ஒரு வாடிக்கையாளர், சிலாபத்து வியாபாரி, கேட்டார்: "அப்ப அந்த 25 ரூபாவ யாருக்குக் குடுக்கிறன்?" மிகச் சரியான கேள்வி. அவருக்கு வாரண்டை விற்றவருக்கு. அவர் காலத்தை விற்றுக் காசு பண்ணிவிட்டுப் போகிறார்.

வாரண்டுக்கு முன்னரே 2009 வந்திருந்தது. யுத்தம் முடிந்தது. 2008 முடிவில் 1,500 அளவில் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2010 முடிவில் 6,600ஐத் தாண்டியது. கையடக்கத் தொலைபேசி அப்போது எல்லோரிடமும் வந்துவிட்டது. ஆனால் அதில் கதைக்கத்தான் முடியும். ஓடர் போட வேண்டுமென்றால் என்னோடு பேசியே ஆக வேண்டும். அந்த ஒரு நிமிடப் பேச்சின் பெறுமதியைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. "ஏன் நானா இதை வாங்கச் சொல்றீங்க?" என்று நான் கேட்பேன். "மச்சான் சொன்னான்" என்று பதில் வரும். "மச்சான் எப்ப வாங்கினார்?" மௌனம். பாதி ஓடர்கள் அந்த மௌனத்தில் நின்றுபோகும். தரகுக் கட்டணம் எனக்கு நட்டம்தான், ஆனால் ஆள் அடுத்த வருடமும் என்னோடு இருப்பார்.

அந்த ஏற்றத்தில் கடன் பெருகியது. காசு கட்டாமல் வாங்கி, ஏறியதும் விற்று, வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழு கடனுக்குக் கடிவாளம் போட்டதும் சிறிய கம்பனிகளின் பங்குகள் விழுந்தன. 2011 டிசம்பரிலும் 2012 ஆகஸ்டிலும் ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். அந்தக் கதை பெரியது, வேறு இடத்தில் எழுத வேண்டியது.

ஸ்மார்ட் போன் எங்கள் ஊர் வீடுகளுக்குள் வந்தது பங்குக்காக அல்ல, பள்ளிக்காக. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியபோது, நகையை அடகு வைத்தாவது ஒரு போன் வாங்கினார்கள். அதே வருடம் மார்ச் 20 முதல் மே 11 வரை கொழும்புச் சந்தை மூடிக் கிடந்தது. திறந்த அன்றைக்கே விலைகள் விழுந்து, சுட்டெண் எல்லை தாண்டியதால் வியாபாரம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் தொழிலில் எவரும் எதிர்பார்க்கவில்லை. வங்கி வட்டி இறங்கியது. பங்குச் சந்தை தன் செயலியை வெளியிட்டது. அதுவரை கணக்குத் திறக்கப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்து, தபால் என்று இழுபட்டது. இப்போது அடையாள அட்டையைப் படமெடுத்து, முகத்தைக் காட்டினால் போதும். கரைத்தீவில் உட்கார்ந்துகொண்டே மத்திய வைப்புத் திட்டத்தில் (சீடீஎஸ்) கணக்கு எடுக்கலாம். கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. எனக்கு அது உண்மையான சந்தோஷம். முப்பது வருடமாக எங்கள் பக்கத்து மக்களுக்கு எட்டாமல் இருந்த ஒன்று கைக்கு வந்தது.

நான் ஊரிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். காலை 9.30க்குச் சந்தை திறக்கும். போன் திரையில் ஒரு பங்குக்குள் போனால் சந்தை ஆழம் என்று ஒரு பகுதி இருக்கும். எந்த விலையில் எத்தனை பங்கு வாங்கக் காத்திருக்கிறார்கள், எந்த விலையில் எத்தனை விற்கக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். முன்பு தரகர் மட்டும் பார்த்த திரை இது. புதியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. பச்சையா சிவப்பா என்பதை மட்டும் பார்ப்பார்கள். வாங்கி விற்கக் கட்டணம் ஒரு பக்கத்துக்கு 1.12 வீதம், போய் வர 2.24 வீதம் என்பதும் திரையில் பெரிய எழுத்தில் இருக்காது. இன்று வாங்கிச் சில நாளில் விற்பவர், விலை 2 வீதம் ஏறியிருந்தாலும் நட்டத்தில்தான் வீடு போகிறார். சிலருக்கு இதை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் இன்னொரு ஓடர் போட்டிருப்பார்கள். என் ஒரு நிமிடம் போய்விட்டது. விரல் பட்டால் ஓடர்.

2021 முடிவில் சுட்டெண் 12,000ஐயும், 2022 ஜனவரியில் 13,000ஐயும் தாண்டியது. கப்பல், விமானச் சரக்குக் கட்டணம் உலகெங்கும் எகிறியதால் எக்ஸ்போலங்கா பங்கு சில ரூபாவிலிருந்து சில நூறு ரூபாவுக்குப் போனது. பிறகு டொலர் தட்டுப்பாடு, மின்வெட்டு, எரிபொருள் வரிசை. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 18 முதல் ஐந்து நாட்கள் சந்தையை மூடினார்கள். திறந்தபோது சுட்டெண் 8,000க்கும் கீழே. கடனில் வாங்கியவர்களின் பங்குகள் கட்டாயமாக விற்கப்பட்டன. எக்ஸ்போலங்கா 2024இல், பங்குதாரர்களுக்கு 185 ரூபா கொடுத்துவிட்டு, பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2025இல் சுட்டெண் 20,000ஐத் தாண்டியது. அதாவது கடன் வாங்காமல், நல்ல கம்பனியைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பங்குக்குக் கடைசித் தேதி இல்லை என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

தப்பாதவர்கள் வேறு. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்த மாதங்களில் இளைஞர்கள் கையில் போனும் நேரமும் இருந்தன. அப்போதுதான் எங்கள் ஊரில் ஆப்ஷன் என்ற சொல் புழங்கத் தொடங்கியது. கடைத் திண்ணையில் இருந்த ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். கறுப்புப் பின்னணியில் ஒரு கோடு துடித்துக்கொண்டு ஓடியது. யூரோ, டொலர் விலையாம். கீழே இரண்டு பொத்தான்: பச்சை மேலே, சிவப்பு கீழே. நடுவில் '60 விநாடி'. மூலையில் '82%'. பத்து டொலர் வைத்துப் பச்சையை அமத்தினான். கோட்டில் ஒரு புள்ளி விழுந்தது. கடிகாரம் இறங்கியது. கடைசி இரண்டு விநாடியில் கோடு புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே போனது. "மாமா, கொஞ்சத்தில போச்சு" என்று சிரித்துவிட்டு மறுபடி அமத்தினான்.

நான் அவனிடம் ஒரு தாள் கேட்டேன். வென்றால் 10 டொலருக்கு 8.20 கிடைக்கும். தோற்றால் 10 போகும். பாதிக்குப் பாதி வென்றால் ஒவ்வொரு நூறு தடவைக்கும் 50 தரம் 8.20 வரவு, அதாவது 410 டொலர். 50 தரம் 10 செலவு, அதாவது 500. நட்டம் 90. சமமாக வரவே நூற்றுக்கு 55 தடவை வெல்ல வேண்டும். அடுத்த நிமிடத்தில் யூரோ எங்கே போகும் என்று நூற்றுக்கு 55 தடவை சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் கரைத்தீவில் உட்கார்ந்து பத்து டொலர் வைக்க மாட்டார். தம்பி தாளைப் பார்த்தான். "சரி மாமா, ஆனா நான் தோத்தா அந்தக் காசு யாருக்குப் போகுது?" என்றான்.

செயலிக்காரனுக்கு. அதுதான் விஷயம். இதில் சந்தையே இல்லை. யூரோ வாங்கப்படவில்லை, டொலர் விற்கப்படவில்லை. நீ ஒரு பக்கம், செயலி மறுபக்கம். கோட்டை வரைவதும் செயலிதான். இதை பைனரி ஆப்ஷன் என்பார்கள். பல செயலிகள் பரிசுப் புள்ளியும் கொடுக்கும், 'டெமோ' கணக்கில் முதலில் வெல்லவும் விடும். இஸ்ரேலில் இந்த வியாபாரம் ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்து, 2017இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தடைசெய்தது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு சாதாரண மக்களுக்கு விற்கத் தடை போட்டது. 2019இல் பிரித்தானியா, 2021இல் அவுஸ்திரேலியா. அங்கே துரத்தப்பட்டவை எங்கே போகும்? கேட்பார் இல்லாத கரைகளுக்குத்தான். காசு போகும் வழியும் புதிது. கார்டால் முடியாவிட்டால், வாட்ஸ்அப்பில் ஆளைப் பிடித்து, வங்கிக் கணக்குக்கு ரூபா அனுப்பி யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயம் வாங்குகிறார்கள். எங்கள் மத்திய வங்கி கிரிப்டோவுக்குக் கார்ட் பாவிக்க இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. 2023இல் எம்டிஎஃப்ஈ என்ற செயலி இலங்கை, பங்களாதேஷ், நைஜீரியா எங்கும் மக்களுடைய காசோடு சரிந்தது. செயற்கை நுண்ணறிவு வியாபாரம் செய்து தரும் என்று சொல்லி, ஆள் சேர்த்தால் தரகு கொடுத்த திட்டம் அது. மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது.

போனை நான் குறை சொல்லவில்லை. இதே போன் எங்கள் மீனவர்களுக்குச் செய்த நன்மையைக் கண்ணால் பார்த்தவன் நான். முன்பு கரைக்கு வந்த பிறகுதான் விலை தெரியும். இப்போது களப்பிலிருந்தே கற்பிட்டியில் என்ன விலை, பேலியகொடைச் சந்தையில் நண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு எங்கே இறக்குவது என்று தீர்மானிக்கிறார்கள். கேரளக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் கையடக்கத் தொலைபேசி வந்தபோது மத்தி மீன் சந்தைகளில் என்ன நடந்தது என்று ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். சந்தைக்குச் சந்தை விலை வித்தியாசம் சுருங்கியது. விற்க முடியாமல் கடலில் கொட்டும் மீன் இல்லாமல் போனது. மீனவர் இலாபம் சுமார் 8 வீதம் கூடியது, வாங்குவோர் விலை சுமார் 4 வீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் நன்மை. அங்கே ஒரு பக்கம் மீன் இருந்தது, மறுபக்கம் அதைச் சமைக்கப் போகிறவர் இருந்தார். எங்கள் கரையில் முற்பணத்தில் கட்டுண்ட மீனவருக்கு மட்டும் அந்த நன்மை வரவில்லை. விலை தெரிந்தும் தன் முதலாளிக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவின் உண்மையான ஆப்ஷன் சந்தையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் கோல் (வாங்கும் உரிமை), புட் (விற்கும் உரிமை), ஸ்ட்ரைக் (குறித்த விலை) எல்லாம் கற்பது தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களில். மும்பையின் தேசிய பங்குச் சந்தையில் 2001 ஜூனில் சுட்டெண் ஆப்ஷன் வந்தது. 2016க்குப் பிறகு வாராந்த ஆப்ஷன், மலிவான டேட்டா, போன் செயலி மூன்றும் ஒன்றுசேர்ந்தன. சேலத்திலும் நாகர்கோவிலிலும் வேலைக்குப் போகும் பொடியன்கள் பஸ்ஸில் இருந்தே வாங்கி விற்றார்கள். இது சட்டப்படியான சந்தை. கோடு பொய்யில்லை, விற்பவர் உண்டு. ஆனாலும் இந்தியச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டப்பட்டார்கள். நட்டப்பட்டவருக்குச் சராசரி 2 இலட்சம் இந்திய ரூபா. மொத்தத்தில் 1.8 இலட்சம் கோடிக்கும் மேல். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களையும் செபி எண்ணியது. 2023-24இல் சொந்தக் காசில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி இலாபம் எடுத்தார்கள். அந்த இலாபத்தில் மிகப் பெரும் பங்கு கணினி தானாகப் போட்ட ஓடர்களிலிருந்து வந்தது. பஸ்ஸில் இருக்கும் பொடியனின் விரலுக்கு எதிரே இருந்தது அதுதான். 2024 நவம்பரிலிருந்து வாராந்த ஆப்ஷனை ஒரு சந்தைக்கு ஒரு சுட்டெண் என்று செபி குறைத்தது. 2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் பாங்க் நிஃப்டி என்ற வங்கிப் பங்குச் சுட்டெண்ணின் ஆப்ஷனில் சந்தையை வளைத்ததாகக் கூறி, 4,843 கோடி ரூபாவைக் கட்டச் சொல்லிச் செபி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறது.

எங்கள் ஊரில் இன்னொரு கேள்வியும் வரும். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போது கேட்பார்கள்: பங்கு ஹலாலா, ஆப்ஷன் ஹலாலா? நான் உலமா இல்லை. தெரிந்ததைச் சொல்வேன். பங்குகளில், வட்டியும் மதுவும் சம்பந்தப்படாத கம்பனிகளின் வெள்ளைப் பட்டியல் இலங்கையிலேயே தயாரிக்கப்படுகிறது. ஆப்ஷனைப் பொறுத்தவரை, 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, உலகச் சந்தைகளில் இப்போது நடக்கும் ஆப்ஷன் ஒப்பந்தம் கூடாது என்று தீர்மானித்தது. விற்கப்படுவது ஒரு பொருளும் அல்ல, பயனும் அல்ல, சொத்துரிமையும் அல்ல என்பது அவர்கள் காட்டிய காரணம். முப்பது வருடம் சந்தையில் நின்றவன் என்ற முறையில், அந்தக் காரணத்தை எழுதியவர்களுக்குச் சந்தை நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பயிருக்கோ நாணயத்துக்கோ காப்பாக ஆப்ஷன் வாங்கும் உண்மையான வியாபாரி உலகத்தில் உண்டு. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் நம் கரையில் இதுவரை அப்படி ஒருவரை நான் சந்திக்கவில்லை.

போன வருடம் ஒரு பொடியன் தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்தான். கட்டாரிலிருந்து நானா அனுப்பிய காசு ஒரு செயலியில் போட்டிருந்தது. திரையில் நான்கு மடங்காகியிருந்தது. எடுக்கப் போனால் 'வரி' 15 வீதம் முதலில் கட்டச் சொல்கிறது. உம்மா கையில் நெக்லஸ் இருந்தது, அடகு வைக்கலாமா என்று கேட்க வந்திருந்தார்கள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். கம்பனிக்கு விலாசம் இல்லை. உரிமம் தந்த நாடு என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு தீவின் பெயர். உதவி இலக்கம் வாட்ஸ்அப் மட்டும். "இலாபத்திலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள்" என்று அவனையே எழுதச் சொன்னேன். முடியாது, வெளியிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று உடனே பதில் வந்தது. உம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நெக்லஸைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

போட்ட காசு வரவில்லை. காசு அனுப்பிய வங்கிக் கணக்கு இலக்கம், தேதி, உரையாடல் எல்லாவற்றையும் புத்தளத்தில் அச்செடுத்து, பொலிஸ் முறைப்பாட்டோடு மத்திய வங்கிக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். சில நாட்களில் வேறொரு இலக்கத்திலிருந்து அவனுக்குச் செய்தி வந்தது. இழந்த பணத்தை மீட்டுத் தருவார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்ப வேண்டுமாம். அந்தச் செய்தியையும் அச்செடுத்து அதே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம்.